ஒரு வேனும் இரண்டு வெற்றிகளும்

வெண்டல் டேட்டமின் வேன் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. அது எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தது மறுநாள் புதன்கிழமை. அதற்குப் பிறகு போன மாதங்களுக்கெல்லாம் எங்கள் கால்டர் நகர நிர்வாகமே பொறுப்பு.

வெண்டல் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவர். ஐம்பத்தொன்பது வயது. எங்கள் ஊரின் பதினோரு தேவாலயங்களும் முப்பத்தொரு பள்ளிக்கூடங்களும் அவர் காதை நம்பித்தான் பாடுகின்றன. ஆள் நடமாட்டமே இல்லாத சாலைச் சந்திப்பில்கூடப் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்கிற மனிதர். மனைவி பெர்னடெட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறார். தினமும் நானூறு பிள்ளைகளைச் சமாளிப்பவர் என்பதால் எதையும் சுற்றி வளைத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் வேன் இல்லை. கருவிகள் அத்தனையும் அதற்குள். போலீஸுக்குப் போன் செய்தார். நாற்பத்தேழு நிமிடம் காத்திருப்பு இசைதான் கேட்டது. அந்த இசைக்கே சுருதி சேரவில்லை என்பது அவருக்குக் கூடுதல் வேதனை. பிறகு ஒரு பெண் பேசினாள். நடந்து முடிந்த திருட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை, நடந்துகொண்டிருக்கிற திருட்டுக்கு மட்டும்தான் என்றாள். அடுத்த முறை நடந்துகொண்டிருக்கும்போதே கூப்பிடச் சொன்னாள். கணினியில் ஒரு படிவத்தை நிரப்பினார்.

மறுநாள் பஸ்ஸுக்காக நடந்து போனவர் மூன்று தெரு தள்ளி, லோமாக்ஸ் தெருவில் மூடிக் கிடக்கிற டயர் கடைக்குப் பின்னால் தன் வேனைப் பார்த்தார். எவனோ ஓர் இரவு எதையோ ஏற்றி இறக்கியபின் அங்கே விட்டுப் போயிருக்கிறான். கண்ணாடிகூட உடையவில்லை. மாற்றுச் சாவி வெண்டலின் சட்டைப் பையில் இருந்தது. முறைப்படி நடந்துகொள்வோம் என்று மறுபடி போன் செய்தார். அவர் வாழ்க்கையில் செய்த தவறு அது ஒன்றுதான்.

"அதைத் தொட்டுடாதீங்க சார்," என்றாள் அதே பெண். "நீங்க புகார் குடுத்துட்டீங்க. இப்ப அது சாட்சிப்பொருள். தொட்டீங்கன்னா சாட்சியத்தைக் கலைச்ச குத்தம் வரும். ஒரு ஆபீசர் வருவாரு."

எப்போது வருவார் என்று கேட்டதற்கு, பட்ஜெட் விவாதம் முடிந்ததும் சொல்ல முடியும் என்றாள்.

ஒன்பது நாள் வெண்டல் லோமாக்ஸ் தெருவுக்குப் போய் எதிர்ச்சாரியில் நின்று தன் வேனைப் பார்த்துவிட்டு வந்தார், ஆஸ்பத்திரியில் கிடக்கிற சொந்தக்காரரைப் பார்த்து வருவதுபோல. பத்தாவது நாள் மேயர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒருவழியாக விடிந்தது என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அங்கே அவரை வரவேற்றவர் பிரிசில்லா வென் என்கிற அதிகாரி. நகரத்தின் குற்றப் புள்ளிவிவரங்கள் அவர் பொறுப்பு. காபி கொடுத்தார், வருத்தம் தெரிவித்தார், சுவரில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். போன வருடம் இதே காலத்தில் திருட்டுப்போன வண்டிகள் நானூற்றுப் பன்னிரண்டு. இந்த வருடம் நானூற்றுப் பதினொன்று. குற்றம் குறைந்திருக்கிறது என்று மேயர் பதினான்காம் தேதி நகர மன்றத்தில் அறிவிக்கப் போகிறார். நவம்பரில் தேர்தல்.

"உங்க வேன் நானூத்திப் பன்னெண்டாவது, மிஸ்டர் டேட்டம்," என்றார் பிரிசில்லா மென்மையாக. "அதைச் சேத்தா குத்தம் குறையல. அப்படியேதான் இருக்குன்னு ஆயிடும். அப்படியே இருக்குங்கறதை வச்சு யாரும் ஓட்டு கேக்க முடியாது."

அதற்காக வேன் திருட்டே போகவில்லை என்று யாரும் சொல்லச் சொல்லவில்லை என்றும் விளக்கினார். அப்படிக் கேட்பது நேர்மையாகாது. 'உரிமையாளருக்குத் தெரியாமல் இடம் மாறியது' என்று ஒரு புதிய பிரிவு இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் போதும். போட்டால் வேனை எடுத்துக்கொள்ளலாமா என்று வெண்டல் கேட்டார். தாராளமாக, ஆனால் போலீஸ் வந்து விடுவித்துக் கொடுக்க வேண்டும் என்றார் பிரிசில்லா. போலீஸ் எப்போது வரும்? இடம் மாறிய வண்டிகளுக்குப் போலீஸ் வருவதில்லை, திருட்டுப்போனவற்றுக்கு மட்டும்தான்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார். பெர்னடெட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு ஸ்கூல்ல ஒரு புள்ள தட்டைப் பிடுங்கிட்டு ஓடட்டும், சாப்பாடு இடம் மாறிடுச்சுன்னு நானும் எழுதி வைக்கிறேன்."

அந்த வாரமே போலீஸ் சங்கத் தலைவர் ப்ரானிகன் வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே ஒரு புகைப்படக்காரர், நான்கு போலீஸ்காரர்கள், இரண்டு ரோந்துக் கார்கள். ப்ரானிகன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்போல் உட்கார்ந்தார். போலீஸில் தொண்ணூறு இடம் காலி, மன்றம் பணம் ஒதுக்க மறுக்கிறது, நகரம் எரிந்துகொண்டிருக்கிறது என்றார். பெர்னடெட் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டிக்கொண்டிருந்தார்.

வேன் அந்த இடத்திலிருந்து ஐந்து நிமிட நடைதான், இப்போதே போய் வந்துவிடலாம் என்று வெண்டல் சொல்லிப் பார்த்தார்.

"அதான் சார் வேதனை," என்றார் ப்ரானிகன், குரல் தழுதழுக்க. "அஞ்சு நிமிஷ தூரம். போறதுக்கு ஆள் இல்ல."

"இதோ நாலு பேர் நிக்கிறாங்களே," என்றார் பெர்னடெட்.

"இவங்க என்கூட வந்தவங்கம்மா. ஆள் இல்லங்கறதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேணுமில்ல?"

போகும்போது ப்ரானிகன் வெண்டலின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு உதவி கேட்டார். பதினான்காம் தேதி மன்றத்தில் நடக்கப்போகிற போலீஸ் நிதி வாக்கெடுப்பு வரைக்கும் தயவுசெய்து வேன் கிடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிடைத்துவிட்டால் இருக்கிற ஆட்களே போதும் என்று எதிர்த்தரப்பு பேசும்.

இரண்டு நாளில் லோமாக்ஸ் தெருவில், வேனுக்கு மேலேயே, சங்கத்தின் பெரிய விளம்பரப் பலகை எழும்பியது. வேனின் படம், பக்கத்தில் வெண்டலின் திகைத்த முகம், கீழே 'இவருக்கு யார் பதில் சொல்வது?' என்ற கேள்வி. மறுவாரம் எவனோ பலகையில் சிவப்புச் சாயத்தை வீசினான். உடனே பலகைக்குப் பகல் முழுக்க ஒரு போலீஸ்காரர் காவல் போடப்பட்டார். வேனின் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டுதான் அவர் நின்றார்.

வெண்டலுக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஓடிப்போய் சாவியைக் காட்டினார். காவல்காரர் நல்ல மனிதர், கூர்ந்து கேட்டார். பலகைக்கு மட்டும்தான் தனக்கு உத்தரவு என்றும், வேனைப் பற்றித் தன்னிடம் காகிதம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். ஆனால் வேனை யாராவது தொட்டால் கைது செய்யாமல் இருக்க முடியாது, அது சாட்சிப்பொருள். "படத்துல பாத்ததைவிட நேர்ல இளைச்சிட்டீங்க சார்," என்று மட்டும் பரிவோடு சொன்னார்.

பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு நகர மன்றம் கூடியது. ஊரே போயிருந்தது, நானும்தான். ஒரு பாதி மண்டபம் நீலச்சட்டை போட்டிருந்தது, மறு பாதி மஞ்சள். எந்தச் சட்டை எதற்கு என்று தெரியாமல் வெண்டல் வெள்ளைச் சட்டையில் வந்து நடுவில் உட்கார்ந்தார். இரண்டு தரப்பும் அவரைத் தங்கள் ஆள் என்று எண்ணிக் கைதட்டின.

மேயர் முதலில் பேசினார். "கால்டர்ல குத்தம் குறைஞ்சிருக்கு. பயம் மட்டும்தான் குறையல. அந்தப் பயத்துக்கு நான் பொறுப்பில்ல, அதை நீங்களேதான் வீட்டுல வச்சிருக்கீங்க" என்றார். தன் வீட்டுக்கு மட்டும் இரண்டு காவலர்கள் கூடுதலாகப் போட்டிருப்பது பயத்தால் அல்ல, மரியாதைக்காக என்பதையும் அவரே விளக்கினார்.

அடுத்து ப்ரானிகன். ஆள் இருந்தால் குற்றம் குறையும், குறைந்தால் அந்த வெற்றியைக் காக்க இன்னும் ஆள் வேண்டும், கூடினால் கூடியதைச் சமாளிக்க இன்னும் ஆள் வேண்டும் என்றார். எந்த நிலைமையிலாவது ஆள் போதும் என்று ஆகுமா என்று ஒரு கிழவர் எழுந்து கேட்டார். ப்ரானிகன் வெகுநேரம் யோசித்துவிட்டு, அப்படி ஒரு நிலைமையை முப்பது வருடப் பணியில் கற்பனை செய்து பார்த்ததில்லை என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

மூன்றாவதாக மன்ற உறுப்பினர் தியா லிண்ட்க்விஸ்ட். போலீஸ் நிதியைப் பாதியாக வெட்ட வேண்டும் என்பவர். மலைமேல் இருக்கிற ஹாலிஸ் குடியிருப்பில் வசிக்கிறார். அங்கே வாயிற்கதவும் தனிக் காவலும் உண்டு. "எங்க ஏரியாவுக்குப் போலீஸ் வந்தே ஆறு வருஷம் ஆச்சு. நாங்க நல்லாத்தானே இருக்கோம்? அந்த வாழ்க்கை எல்லாருக்கும் வேணும்னுதான் போராடுறேன்" என்றார். மஞ்சள் சட்டைகள் எழுந்து நின்று கைதட்டின.

பிறகு வெண்டலைக் கூப்பிட்டார்கள். பொதுமக்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம். அவர் ஒலிபெருக்கி முன் நின்று தொண்டையைச் செருமினார்.

"எனக்கு நிதி பத்தியெல்லாம் தெரியாதுங்க. வேன் லோமாக்ஸ் தெருவுல நிக்குது. சாவி என்கிட்ட இருக்கு. யாராவது ஒருத்தர் என்கூட வந்தா போதும். நடந்தே போயிடலாம்."

பிறகு மேயர், வேன் ஊருக்குள்ளேயே இருப்பதை இந்தக் குடிமகனே உறுதி செய்துவிட்டார், இதைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். கூட வர ஒரு போலீஸ்காரர்கூட இல்லாத அவலத்தை இந்த மனிதர் கண்ணீரோடு சொல்லிவிட்டார் என்றார் ப்ரானிகன். வெண்டல் அழவில்லை. நடந்தே போகலாம் என்றாரே, போலீஸ் கார் தேவையில்லை என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும் என்றார் தியா. மணி அடித்தது. அவருக்கு இன்னும் ஒன்றேகால் நிமிடம் பாக்கி இருந்தது, ஆனால் மற்ற மூவரும் அதில் பேசி முடித்துவிட்டார்கள்.

மன்றம் ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில், நிதியைக் கூட்டுவதா குறைப்பதா என்று எட்டு மாதம் ஆராய ஒரு குழு அமைத்தது. நீலச்சட்டையும் மஞ்சள்சட்டையும் வெற்றி வெற்றி என்று கத்திக்கொண்டு வெளியே போயின.

தியா மட்டும், போலீஸுக்குப் பதிலாக அனுப்புவேன் என்று சொல்லிவந்த சமூக உரையாடல் குழுவை வாக்குத் தவறாமல் லோமாக்ஸ் தெருவுக்கு அனுப்பினார். நெற்றியில் குளிர்கண்ணாடியை ஏற்றிவிட்ட இரண்டு பேர் வந்தார்கள். வேனை எடுத்தவரோடு உட்கார்ந்து, அவருக்குள் என்ன வலி இருந்தது என்று கேட்பது அவர்கள் வேலை. எடுத்தவர் அங்கே இல்லாததால் வெண்டலை உட்காரவைத்துக் கேட்டார்கள். வேன் இல்லாததுதான் வலி என்றார். அதற்கும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்றரை மணிநேரம் தோண்டினார்கள். போகும்போது வேனைத் தொடவில்லை. அது தங்கள் துறை அல்ல.

இதற்குள் ஆகஸ்ட் முடியப் போனது. பள்ளிக்கூடங்கள் திறக்கும் முன் முப்பத்தொரு பியானோக்களுக்கும் சுருதி சேர்த்தாக வேண்டும். இரவல் கருவியோடு பஸ் ஏறி நாளுக்கு ஒன்று முடிப்பதே பெரும்பாடு. இன்னும் பத்து நாளில் முடியாவிட்டால் வேலை பக்கத்து ஊர்க்காரருக்குப் போய்விடும் என்று கல்வி அலுவலகம் எழுதியிருந்தது. இருபத்தாறு வருடமாக அவர் பார்த்த வேலை அது. பெர்னடெட் அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை வெண்டல் அதற்கு முன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார்.

வாக்கெடுப்பு முடிந்ததால் விளம்பரப் பலகையை வேறு பேட்டைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பலகையோடு காவலும் போயிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெண்டல் லோமாக்ஸ் தெருவுக்குப் போனார், நாலு பக்கமும் பார்த்தார், தன் வேனைத் தன் சாவியால் திறந்தார். கிளப்பினார். முதல் முயற்சியிலேயே கிளம்பிவிட்டது.

எங்கள் ஊரில் விளக்குக் கம்பம் தோறும் வண்டி எண்ணைப் படிக்கிற கேமரா உண்டு. போன வருடம் வாங்கியவை. மூன்றாவது கம்பத்தில் கேமரா, திருட்டு வண்டி ஒன்று ஓடுவதைக் கண்டுகொண்டது. நான்கே நிமிடத்தில் ஆறு ரோந்துக் கார்களும் ஒரு ஹெலிகாப்டரும் வந்தன. அப்படி ஒரு வேகத்தை நாங்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. திருட்டு இப்போது நடந்துகொண்டிருந்ததல்லவா.

"யாரோட வண்டி?" என்று கேட்டார் விலங்கு மாட்டிய அதிகாரி.

"என்னோடது."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

வண்டியின் பக்கத்தில் பெரிய எழுத்தில் தன் பெயர் இருப்பதை வெண்டல் காட்டினார். பெயரைப் படித்துத் தெரிந்துகொண்டு சொல்கிறவர்களையும் பார்த்திருப்பதாக அதிகாரி சொன்னார்.

அன்று மதியமே இரண்டு பத்திரிகையாளர் கூட்டம். குற்றவாளி நான்கு நிமிடத்தில் பிடிபட்டது தன் தலைமைக்குச் சான்று என்றார் மேயர். ஒரே ஒரு வேனுக்கு ஆறு கார் தேவைப்பட்டது, நாளை இரண்டு வேன் போனால் பன்னிரண்டு காருக்கு எங்கே போவது என்றார் ப்ரானிகன்.

வெண்டல் ஆறு நாள் லாக்கப்பில் இருந்தார். அரசு கொடுத்த வக்கீல் கிம்பால் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் நூற்றுப் பத்துக் கோப்புகளுமாக வந்து நிலைமையைச் சொன்னார். வண்டி வெண்டலுடையது என்பதற்கான காகிதம் வண்டிக்குள் இருக்கிறது. வண்டி சாட்சிப்பொருள் கிடங்கில் இருக்கிறது. விசாரணையில்தான் திறப்பார்கள். வண்டிப் பதிவேட்டில் பார்க்கலாமே என்றால், போலீஸ் கணக்கில் திருட்டு என்றிருப்பதை மேயர் அலுவலகம் வெண்டலின் கையெழுத்துக்குக் காத்திராமல் அதில் 'இடம் மாறியது' என்று திருத்தி வைத்திருப்பதால் பதிவேடும் விசாரணைக்குப் போயிருக்கிறது. விசாரணைக்கு நாள் கிடைக்கப் பதினான்கு மாதம் ஆகும். அதுவரை உள்ளே இருக்கலாம், இல்லாவிட்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம்.

"எப்படி?"

"திருடினேன்னு ஒத்துக்கோங்க. முதல் தடவைங்கறதால ஜெயில் இல்ல. மேயரோட 'மறுவழி' திட்டத்துல சேத்துடுவாங்க. வாரம் ஒரு கிளாஸ்."

பிரிசில்லாவும் வந்து பார்த்தார். கண்டுபிடிக்காத திருட்டுதான் நகரத்துக்குச் சுமை என்றும், கண்டுபிடித்துத் திருத்திய திருட்டு ஒரு சொத்து என்றும் விளக்கினார். அவர் கண்களில் உண்மையான நன்றி இருந்தது. வெண்டல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெர்னடெட்டைப் பார்த்தார். பள்ளிக்கூட ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். வெண்டல் கையெழுத்துப் போட்டார். பியானோ வேலை பக்கத்து ஊர்க்காரருக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

'மறுவழி' வகுப்பு செவ்வாய்க்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நகர மண்டபத்தின் அடித்தளத்தில் நடந்தது. ஜன்னல் கிடையாது. வராமல் போனால் ஜெயில். பொறுப்பேற்பது எப்படி என்று எட்டு வாரம் கற்றுக்கொடுத்தார்கள். கடைசிப் பாடம், பாதிக்கப்பட்டவருக்கு மன்னிப்புக் கடிதம். அவர் மன்னித்தால் வழக்கு முடியும், வண்டியும் உரியவரிடம் போகும்.

பாதிக்கப்பட்டவர் நான்தான் என்று வெண்டல் சொன்னார். பயிற்சியாளர் மகிழ்ந்துபோய், பாதிக்கப்பட்டவராகத் தன்னை உணர்வது மிக உயர்ந்த நிலை என்று பாராட்டிவிட்டு, கடிதத்தில் இன்னும் கொஞ்சம் வருத்தம் தேவை என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார்.

நான்கு நாளில் கடிதம் பதிவுத் தபாலில் வெண்டலின் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு படிவம். 'மன்னிக்கிறேன்' என்று ஒரு கட்டம், 'மன்னிக்கவில்லை' என்று ஒரு கட்டம், காரணத்துக்கு இரண்டு வரி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் கையெழுத்தில் தனக்கு வந்த கடிதத்தை வெண்டல் நிதானமாகப் படித்தார். அடுத்தவர் உழைப்பைப் பறித்தேன், இரவெல்லாம் தூங்கவில்லை, இனி எனக்குச் சொந்தமில்லாததைத் தொடமாட்டேன். பெர்னடெட் வாங்கிப் படித்தார்.

"இதுல ஒரு வார்த்தைகூட நிஜமில்லையே வெண்டல்."

"தெரியும்."

"பரவால்ல, மன்னிச்சுடு. வேன் வீட்டுக்கு வந்துடும்."

வெண்டல் பேனாவை எடுத்து முதல் கட்டத்துக்குமேல் வைத்தார். அப்படியே வெகுநேரம் இருந்தார். அதுவரை யார் எதை நீட்டினாலும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர். வேனை எடுத்தவன் கையில் கிடைத்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார், அப்படிப்பட்ட சுபாவம். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதியவனை அவரால் பொறுக்க முடியவில்லை. பேனா பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தது. காரணத்தில் எழுதினார்: 'இந்த ஆள் பொய் சொல்கிறார்.'

பெர்னடெட் எட்டிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தார் வெண்டல். மனைவியோ உறையை எடுத்து, நாக்கில் தடவி ஒட்டிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் இரண்டு பதில் வந்தது. குற்றவாளியான வெண்டல் டேட்டம் மனந்திருந்தவில்லை என்பதால் 'மறுவழி' வகுப்பு இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்றது ஒன்று. பாதிக்கப்பட்ட வெண்டல் டேட்டமின் நெஞ்சுரத்தைப் பாராட்டி, நகரப் பாதுகாப்பு மாநாட்டில் மேயருக்கும் ப்ரானிகனுக்கும் தியாவுக்கும் நடுவில் அமர்ந்து பேச அழைத்தது மற்றது. நகர மண்டபம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

நான் அன்று மேலே மண்டபத்தில் இருந்தேன். மேடை நடுவில் வெண்டலின் பெயர் எழுதிய நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்று முறை ஒலிபெருக்கியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூட்டம் கைதட்டிப் பார்த்தது. கடைசியில் மேயர் எழுந்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "நாங்க கேக்கத் தயாரா இருக்கோம். ஜனங்கதான் வந்து சொல்லமாட்டேங்கறாங்க" என்றார். அந்த ஒரு விஷயத்தில் ப்ரானிகனும் தியாவும் அவரோடு ஒத்துப்போனார்கள்.

கீழே அடித்தளத்தில் பயிற்சியாளர் பேச்சை நிறுத்திவிட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாராம், மேலே என்ன அத்தனை சத்தம் என்று.

"என்னைத்தான் கூப்பிடறாங்க," என்று எழுந்திருக்கிறார் வெண்டல்.

"உக்காருங்க மிஸ்டர் டேட்டம்," என்றாராம் பயிற்சியாளர். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."